மலையிலிருந்து ஒரு கட்டணக் குழு: 10 நாளில் தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. மாடியிலும் தொட்டியிலும் காய்கறி வளர்க்க விரும்பும் சமவெளிக்காரர்களுக்காக இணையவழியில் ஒரு கட்டணக் குழுவை நடத்தி வருகிறேன். இதை நான் இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. முதல் முறை இணையதளம், சின்னம், 40 காணொளிப் பாடங்கள் என்று 5 மாதங்களைச் செலவிட்டேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு மார்ச் மாதத்தில் கதவைத் திறந்தபோது வந்தவர்கள் 3 பேர். அவர்களில் ஒருவர் என் சித்தி மகன். இரண்டாம் முறை ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு க்யூஆர் கோடு ஆகியவற்றோடு தொடங்கினேன். பத்தாவது நாளில் 22 பேர் பணம் கட்டிச் சேர்ந்திருந்தார்கள். கீழே எழுதியிருப்பது அந்த இரண்டாம் முறையைப் பற்றியது. தையல், சமையல், கணக்குப் பாடம், பறவை பார்த்தல் என்று உங்கள் கைவசம் உள்ள தொழில் எதுவாக இருந்தாலும் படிகள் பெரும்பாலும் இவைதான்.

எதற்காகப் பணம் தருகிறார்கள்

தகவலுக்காக யாரும் பணம் தருவதில்லை. தக்காளிச் செடியில் இலை சுருள்வது ஏன் என்று தேடினால் யூடியூபில் இலவசமாகவே நூறு பதில்கள் கிடைக்கும். அந்த நூறில் தன் செடிக்கு எது பொருந்தும் என்பதுதான் பார்ப்பவருக்குத் தெரியாது. தன் செடியின் படத்தைப் பார்த்து, தன் ஊரின் வெயிலையும் கேட்டுக்கொண்டு, குறித்த நாளில் பதில் சொல்லும் ஓர் ஆள் இருக்கிறார் என்ற உறுதிக்குத்தான் பணம் வருகிறது. அதோடு, தன்னைப் போலவே தடுமாறும் இன்னும் இருபது பேர் கூட இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். குறித்த கிழமை, குறித்த தொகை, எல்லார் முன்னிலையிலும் எழுதப்படும் நோட்டு ஆகிய மூன்றும் தவறாமல் நடக்கும் குழு பத்தாண்டு கடந்தும் நிற்கிறது. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் ஓராண்டுக்குள் கலைந்துவிடுகிறது. இணையத்தில் கூடுவதால் இந்தக் கணக்கு மாறிவிடுவதில்லை.

யாருக்கு, என்ன உறுதி

முதல் நாள் வேலை ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுவதுதான்: இன்னாருக்கு, இத்தனை காலத்தில், இன்னது கைகூடும். குன்னூர்த் தேயிலை ஏல மையம் 1963 முதல் நடந்து வருகிறது. அதன் தொடர்பில் பல்லாண்டு தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரித்த ஒருவர் குழு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். “தேயிலையை அறிவோம்” என்று அவர் எழுதினால் ஒருவரும் பணம் கட்ட மாட்டார்கள். “மூன்று மாதத்தில், ஒரு தூளைக் கொதிநீரில் போட்டுச் சுவைத்தே அது ஆர்த்தடாக்ஸ் வகையா சிடிசி வகையா, புதியதா பழையதா என்று நீங்களே சொல்வீர்கள்” என்று எழுதினால், கோவையில் டீக்கடை வைத்திருப்பவர் நின்று படிப்பார். (ஆர்த்தடாக்ஸ் என்பது இலையை முறுக்கி உருட்டிச் செய்வது, சிடிசி என்பது நசுக்கிக் கிழித்துக் குருணையாக்குவது.) சோலைப் பறவைகளை அறிந்தவரானால் “30 பறவைகளை, கண்ணில் படாமலே குரலைக் கொண்டு அடையாளம் காண்பீர்கள்” என்று எழுதலாம். எண்ணும் காலமும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

“யாருக்கு” என்பதை நான் முதல் முறை எழுதாமல் விட்டதற்கு விலை கொடுத்தேன். எங்கள் மலையில் ஆண்டின் பெரும்பகுதியிலும் கேரட் விதைக்கிறோம். அதே பழக்கத்தில் முதல் பாடமாகக் கேரட்டை வைத்தேன். அந்த மூவரில் ஒருவர் திருப்பூர்க்காரர். மார்ச் மாத வெயிலில், மொட்டை மாடியில், நான் சொன்னபடியே விதைத்தார். முளைத்ததில் பாதி கருகியது; மீதி, கிழங்கு கட்டாமல் தழையாகவே நின்றது. சமவெளியில் அக்டோபர், நவம்பரில் விதைக்க வேண்டிய பயிர் அது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான், “குளிர்ப்பிரதேசத்துக்கு வெளியே, மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு” என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

காலமும் கட்டணமும்

பெரும்பாலானோர் மாதச் சந்தாவில் தொடங்குகிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. மாதாமாதம் பணம் கேட்டால், “இருப்போமா, விலகுவோமா” என்ற கேள்வியை ஆண்டுக்குப் 12 முறை நாமே உறுப்பினரிடம் எழுப்புகிறோம். ஆண்டுச் சந்தாவோ, ஓராண்டு நடத்துவோமா என்று நமக்கே உறுதியில்லாத நிலையில் வாங்கும் கடன் போன்றது. ஆகவே, உங்கள் தொழிலின் இயல்பான சுற்று எதுவோ அதையே சந்தாக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போகம். கேரட் விதைத்துப் பிடுங்க ஏறத்தாழ 100 நாள். எனவே 3 மாதம் ஒரு போகம், ஒரு போகத்துக்கு ஒரே தொகை. ஆடிப்பட்டத்தை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று. ஏப்ரல் முதல் ஜூன் வரை விடுமுறை. சமவெளியில் நாற்று நிற்காது, எங்கள் சாலையில் சீசன் கூட்டத்தில் வண்டி நகராது.

கட்டணம் 600 ரூபாய் என்று வைத்தேன். இதைக் குத்துமதிப்பாக வைக்கவில்லை. 30 பேர் சேர்ந்தால் 18,000 ரூபாய். வாரத்துக்கு 5 மணி நேரம் வீதம் 13 வாரங்களுக்கு 65 மணி நேரம். ஆக, மணிக்கு ஏறத்தாழ 275 ரூபாய். அந்தத் தொகைக்கு நான் மனமுவந்து உட்காருவேன். உங்கள் கணக்கில் மணிக்கு 60 ரூபாய்தான் வருகிறது என்றால், கட்டணத்தைக் கூட்டுங்கள் அல்லது வேலையைக் குறையுங்கள். இரண்டும் செய்யாவிட்டால் மூன்றாவது வாரத்தில் உங்களுக்கே சலிப்புத் தட்டும், அது குரலில் தெரிந்துவிடும்.

“முதலில் இலவசமாக நடத்துங்கள், பிறகு கட்டணம் வாங்கலாம்” என்று பலர் சொல்வார்கள். இலவசமாக வந்த 200 பேரிடம் பிறகு பணம் கேட்பது, 20 பேரிடம் முதல் நாளே கேட்பதைவிடக் கடினம்.

உருவாக்குவதற்கு முன் கேளுங்கள்

இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை செய்ய வேண்டியது, தெரிந்தவர்களிடம் தனித்தனியே கேட்பது. ஏற்கெனவே உங்களிடம் சந்தேகம் கேட்டவர்கள், உங்களிடம் பொருள் வாங்கியவர்கள், உறவில் ஆர்வம் உள்ளவர்கள் என்று 40 பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பொதுவான அறிவிப்பாகப் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். நான் அனுப்பியவற்றில் ஒன்று இது:

“அக்கா, வணக்கம். மாடித்தோட்டத்துல வர்ற சந்தேகத்தையெல்லாம் எங்கிட்ட கேப்பீங்கல்ல, அதையே ஒரு ஒழுங்கா செய்யலாம்னு இருக்கேன். ஜூலைல இருந்து மூணு மாசம். வியாழக்கிழமை ராத்திரி 8 மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். திங்கட்கிழமை செடி போட்டோ அனுப்பினா அன்னைக்கே பதில் சொல்லிடுவேன். மூணு மாசத்துக்கும் சேர்த்து 600 ரூபாய். முதல்ல 30 பேர்தான். சரிப்படும்னா சொல்லுங்க, இல்லைன்னாலும் எப்பவும் போல பேசலாம்.”

கடைசி வரி முக்கியமானது. தெரிந்தவர்களிடம் காசு கேட்கும் கூச்சம் நமக்கு இருப்பதைப் போலவே, மறுப்புச் சொல்லும் கூச்சம் அவர்களுக்கும் இருக்கிறது. அதை நாமே எடுத்துவிட்டால் உண்மையான பதில் வரும். “நல்ல முயற்சி தம்பி, வாழ்த்துகள்” என்று வரும் பதிலை ஆதரவாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கட்டியவர் மட்டுமே கணக்கு. 40 பேரைக் கேட்டு 8 பேர்கூடக் கட்டவில்லை என்றால், குழுவைத் தொடங்காமல் முதல் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். நட்டம் ஐந்து நாள்தான்.

பணம் வாங்கும் வழி

முதல் போகத்துக்குக் குழுவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கும், அதனுடன் இணைந்த வணிக க்யூஆர் கோடும் போதும். வீட்டுச் செலவுக் கணக்கிலேயே சந்தாவையும் வாங்கினால், இரண்டாவது மாதம் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதைப் பால்காரர் கணக்குக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே தேடிக்கொண்டிருப்பீர்கள். வருகிற ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சேர்க்க வேண்டாம். யூபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் உண்டு, அதை வங்கிக் கணக்கில் வந்த வரவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குழுவின் லிங்க்கை அனுப்புங்கள்.

நோட்டில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: பெயர், ஊர், பணம் வந்த தேதி, பரிவர்த்தனை எண், கடைசியாகக் குழுவில் பேசிய தேதி. ஐந்தாவது பத்தி எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். நோட்டுக்குப் பதில் கூகுள் ஷீட்டிலும் எழுதலாம்.

ஆள் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும்போது ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற கட்டண நுழைவாயில் சேவைகளைப் பார்க்கலாம். பான் எண், வங்கி விவரம் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு பணம் வாங்கும் பக்கத்தை அவர்களே அமைத்துத் தருகிறார்கள். வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 600 ரூபாய்க்கு 12 ரூபாயும் 2 ரூபாய் 16 காசும் போக 585 ரூபாய் 84 காசு நம் கைக்கு வரும். ரசீதும் வரவுப் பட்டியலும் தானாகவே கிடைப்பதால் இந்தச் செலவு தகும். இதே உறுப்பினர்களை யூடியூப் சேனலின் உறுப்பினர் வசதி வழியாகச் சேர்த்தால் அந்தத் தளம் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பார்வையாளர் கூட்டம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அது சரிப்படலாம், புதிதாகத் தொடங்குபவருக்கு மிக அதிகம்.

பின்னாளில் மாதச் சந்தாவுக்கு மாற விரும்பினால் யூபிஐ ஆட்டோபே இருக்கிறது. உறுப்பினர் ஒரு முறை பின் எண்ணைப் போட்டு ஒப்புதல் தந்தால், பெரும்பாலான சேவைகளுக்கு 15,000 ரூபாய் வரையிலான தொகை ஒவ்வொரு தவணையிலும் தானாகவே கழியும்; கழிவதற்கு 24 மணி நேரம் முன்பு அவருக்கு அறிவிப்புப் போகும். அந்த அறிவிப்பைக் கண்டு சிலர் விலகுவார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம். தெரியாமல் பணம் போய்விட்டது என்று பின்னால் வரும் சண்டையைவிட இது நல்லது.

எங்கே கூடுவது

வாட்ஸ்அப்பா, டெலிகிராமா என்பதில் பலர் வாரக்கணக்கில் குழம்புகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை, டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை சேர்க்கலாம். 30 பேர் கொண்ட குழுவுக்கு இந்த எண்கள் ஒரு பொருட்டே இல்லை. பார்க்க வேண்டியது வேறு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் கைப்பேசி எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த குழுவில், குறிப்பாகப் பெண்கள் மிகுதியாக இருந்தால், இது பெரிய வேறுபாடு. ஆனால் 60 வயதைக் கடந்தவர்களை டெலிகிராமுக்கு வரவழைப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். நான் வாட்ஸ்அப்பில் தொடங்கினேன், சேரும்போதே “உங்கள் எண் மற்றவர்களுக்குத் தெரியும், சம்மதமா?” என்று கேட்டுக்கொண்டேன். உறுப்பினருக்குத் தனிச்செய்தி அனுப்பி எதையாவது விற்க முயல்பவர் அன்றே நீக்கப்படுவார் என்ற ஒரே விதியைக் குழுவின் தலையில் எழுதி வைத்தேன்.

நேரலைக்குக் கூகுள் மீட்டின் இலவசக் கணக்கே போதும். 100 பேர் வரை சேரலாம்; மூவரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வரம்பு எனக்கு உதவியாகவே இருக்கிறது, இல்லாவிட்டால் பேச்சு பத்தரை மணி வரை இழுக்கும். கூகுள் காலண்டரில் வாராந்திர நிகழ்ச்சியாகப் போட்டுவிட்டால் 13 வாரத்துக்கும் ஒரே லிங்க்.

வாரத்தின் ஓட்டம்

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பணம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு குரல் செய்தி அனுப்பி, அவரது மாடியை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து, முதல் வியாழனுக்கு முன்பே அவருக்கென்று ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிடுவேன். முதல் வாரத்தில் மண்ணில் கை வைத்தவர் போகம் முழுவதும் இருக்கிறார்.

திங்கட்கிழமை கேள்வி நாள். மற்ற நாள்களில் கேள்வி வந்தாலும் பதில் திங்களன்றுதான். தொடக்கத்தில் இதைக் கடைப்பிடிக்காமல், இரவு பதினொரு மணிக்கு வந்த மாவுப்பூச்சிப் படத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த நேரமும் பதில் வரும் என்று பழகியவர்கள், ஒரு நாள் தாமதமானாலும் வருத்தப்பட்டார்கள். பச்சைத் தேயிலை எடுக்கும் லாரி எங்கள் முனைக்கு வரும் நேரம் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் கொழுந்து மூட்டையைக் கொண்டுவந்து சேர்ப்பது அவரவர் பொறுப்பு. லாரி எப்போது வேண்டுமானாலும் வரும் என்றால் யாரும் நேரத்துக்குப் பறிக்க மாட்டார்கள்.

இனி அந்த ஐந்தாவது பத்தி. மூன்று வாரம் பேசாதவருக்கு நான் நேரடியாகப் போன் செய்கிறேன். அப்படி ஒரு முறை மதுரைப் பக்கத்து அம்மா ஒருவரை அழைத்தபோது, “எல்லாம் பட்டுப்போச்சு தம்பி, எந்த முகத்தோட குரூப்ல பேசறது?” என்றார். அதுவரை குழுவில் வந்த படங்கள் எல்லாமே காய்த்துக் குலுங்கியவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வியாழன் முதல், நேரலையின் முதல் 10 நிமிடத்தைப் பட்டுப்போன செடிகளுக்கு ஒதுக்கினேன். முதலில் என் தோட்டத்தில் அழுகிய முட்டைக்கோஸைக் காட்டினேன். பின்னாலேயே நான்கு பேர் தங்கள் காய்ந்த தொட்டிகளைக் காட்டினார்கள். இன்று குழுவில் அதிகம் பேர் வந்து உட்காரும் நேரம் அந்தப் பத்து நிமிடம்தான்.

விதைப் பொட்டலம், உரம், பரிசு என்று எதையும் தபாலில் அனுப்புவதாகச் சந்தாவோடு சேர்த்து உறுதி தராதீர்கள். அது வேறு தொழில். எடை போடவும், பொட்டலம் கட்டவும், தொலைந்ததைத் தேடவும் தனி ஆள் வேண்டும்.

மழையும் சிக்னலும்

சமவெளியில் இருந்துகொண்டு குழு நடத்துபவருக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் சமவெளியில் குளிர்காலக் காய்கறி விதைப்பும் நடக்கிறது; உறுப்பினர்களுக்கு நான் மிகவும் தேவைப்படும் நேரத்தில் எங்கள் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போகிறது. கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை அதே தொல்லையைத் தரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நான் செய்துகொண்ட ஏற்பாடுகள் மூன்று. அக்டோபர் போகத்தின் பாடங்களைச் செப்டம்பரிலேயே குரல் பதிவாகப் பேசி வைத்துவிடுகிறேன். காணொளி திறக்காத சிக்னலிலும் குரல் பதிவு போய்ச் சேரும். பிராட்பேண்டோடு வேறொரு நிறுவனத்தின் சிம் கார்டும் வைத்திருக்கிறேன். கோவையில் உள்ள அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவரைத் துணை அட்மினாக்கி, நான் 8:10 வரை வராவிட்டால் அவரே நேரலையைத் தொடங்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்குச் சந்தா கிடையாது.

சட்டமும் வரியும்

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. 600 ரூபாய் வீதம் மூன்று போகம் என்றால், 1,111 பேர் ஆண்டு முழுவதும் இருந்தாலும் அந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் உங்கள் பெயரில் தங்கும் விடுதியோ கடையோ இருந்தால் அந்த வரவும் இதோடு சேரும். வரம்புக்குள் இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் இந்த வரவைக் காட்ட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023 இல் சட்டம் வந்திருக்கிறது. தேவையில்லாத விவரம் எதையும் வாங்காமல் இருப்பதே எளிய வழி. எனக்குப் பெயர், ஊர், எண் போதும். பங்குச் சந்தையில் எதை வாங்கலாம் என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் குழுவுக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் பதிவு வேண்டும். அது இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

போகம் முடியும்போது

கடைசி நாள் வரை காத்திருக்காமல், 11-ஆம் வாரத்திலேயே அடுத்த போகத்துக்கு யார் தொடர்கிறார்கள் என்று கேட்கிறேன். தொடர்பவர்களுக்கு அதே 600 ரூபாய். கட்டணத்தை உயர்த்தினாலும் புதியவர்களுக்கு மட்டுமே. முதல் இரண்டு வாரத்துக்குள் வேண்டாம் என்றவருக்கு முழுப் பணமும் திரும்பிப் போகும், காரணம் கேட்பதில்லை. விலகுபவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கிறேன்: எந்த வாரத்திலிருந்து வரத் தோன்றவில்லை? “ஏன்” என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். “எந்த வாரம்” என்று கேட்டால், அந்த வாரத்தில் நான் என்ன செய்தேன் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள முடிகிறது. பிறகு அவரைக் குழுவிலிருந்து நீக்கி, அவரது எண்ணையும் மாடிப் படங்களையும் அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குச் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி வியாழன் முடிந்ததும், அட்மின் மட்டுமே எழுத முடியும் என்ற நிலைக்குக் குழுவை மாற்றி, ஜூலை முதல் வியாழனின் தேதியை அதில் கடைசிச் செய்தியாகப் போட்டு வைக்கிறேன்.